எர்னி ஷேவர்ஸ்: அடியின் கனமும் மூச்சின் அளவும்

எங்கள் சித்தியின் மகனுக்கு வயது 17. மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு சின்னப் பயிற்சிக்கூடத்தில் ஏழெட்டு மாதமாகக் குத்துச்சண்டை பழகி வருகிறான். போன மாதம் ஒரு மாலை, பாலத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். மழித்த தலையோடு ஒரு கறுப்பின வீரர் வலக்கையை மேலிருந்து இறக்குகிறார். எதிரே நிற்பவர் லாரி ஹோம்ஸ், அப்போதைய உலக ஹெவிவெயிட் (மிகக் கூடிய எடைப் பிரிவு) சம்பியன். அவர் வேரோடு சாய்ந்த தென்னை போலத் தரையில் விழுகிறார்.

"இவ்வளவு அடி அடிக்கிற ஆள், மறுகா ஏன் அண்ணா சம்பியன் ஆகல்ல?" என்று கேட்டான்.

எர்னி ஷேவர்ஸ் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இதுதான். அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஷேவர்ஸ் தொழில்முறைப் போட்டிகளில் 74 வெற்றி பெற்றவர். அதில் 68 நொக்கவுட். 14 தோல்வி, 1 சமநிலை. அதாவது அவர் வென்ற போட்டிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் எதிராளி கடைசி மணிவரை நிற்கவில்லை. 2003 இல் 'த ரிங்' சஞ்சிகை, எக்காலத்திலும் பலமாகக் குத்தியவர்கள் என்று 100 பேரை வரிசைப்படுத்தியபோது அவருக்கு 10ஆவது இடம் கொடுத்தது. எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்துப் போட்ட வரிசை அது. உலகப் பட்டத்துக்கு இரண்டு தடவை மோதினார், இரண்டிலும் தோற்றார். தோற்ற 14 போட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அவரே கடைசிவரை நிற்க முடியாமல் போனார். இந்த இரண்டாவது பகுதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் யாரென்று விளங்கும்.

1944 ஓகஸ்ட் 31 இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கார்லன்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். கறுப்பினத்தவர்களுக்கு அலபாமா அப்போது எப்படிப்பட்ட இடம் என்பது தெரிந்த கதை. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோதே குடும்பம் வடக்கே, ஒஹையோ மாநிலத்துக்குப் போய்விட்டது. யங்ஸ்டவுன் என்கிற உருக்கு ஆலை நகரத்தின் பக்கம் வளர்ந்தார். பாடசாலையில் அமெரிக்கக் கால்பந்தும் ஓட்டமும்தான் அவருடைய விளையாட்டு. கையுறை மாட்டிக் குத்துச்சண்டை பழகத் தொடங்கியது இருபது வயதைக் கடந்த பிறகு. 1969 இல் அமெரிக்க அமெச்சூர் தேசிய ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். அதே ஆண்டின் இறுதியிலேயே காசுக்குச் சண்டை போடும் தொழில்முறைக்கு மாறினார்.

அந்த "இருபது வயதைக் கடந்த பிறகு" என்பதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். வாவியோரத்தில் பிறந்த பிள்ளை தோணி வலிப்பதையும், வேலை கிடைத்து வெளியூரிலிருந்து வந்த ஒருவர் துடுப்புப் பிடிப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வந்தவர் பலசாலியாகவே இருக்கட்டும். அரை மணித்தியாலத்தில் அவருக்குத் தோள் கழன்றுவிடும். அந்தப் பிள்ளையோ கதை சொல்லிக்கொண்டே மறுகரைக்குப் போய்த் திரும்பிவிடும். எந்த இடத்தில் பலம் போட வேண்டும், எந்த இடத்தில் தண்ணீரே தள்ளிவிடும் என்பது அதன் உடம்புக்குத் தெரியும். குத்துச்சண்டையிலும் பத்துப் பன்னிரண்டு வயதில் தொடங்குகிறவருக்கு இந்த ஞானம் யோசிக்காமலே வரும். எதிராளியின் தோள் அசைவதைக் கண்டே குத்து எங்கிருந்து வருகிறது என்று அறிவது, அடிக்காத நேரத்தில் தசையைத் தளர விடுவது, ஒரு காலடி விலகி அடியை வெறும் காற்றாக்குவது எல்லாம் அப்படி வருவதுதான். முகம்மது அலி கையுறை மாட்டியது 12 வயதில். ஷேவர்ஸ் இவற்றையெல்லாம் வளர்ந்த ஆளாக, காசுக்குச் சண்டை பிடித்துக்கொண்டே படிக்க வேண்டியிருந்தது.

சரி, அந்தக் குத்து எங்கிருந்து வந்தது? கை பருமனாக இருந்தால் அடி பலமாக இருக்கும் என்பது நம்மில் பலரின் எண்ணம். குத்தின் கனம் கையில் தொடங்குவதில்லை. பின்காலின் பெருவிரல் தரையைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் முழங்கால் வழியாக இடுப்புக்கு வருகிறது, இடுப்புத் திரும்பும்போது முதுகும் தோளும் பின்தொடர்கின்றன, கடைசியாகத்தான் கை போகிறது. மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கையால் மட்டும் வெட்டுகிறவர் பகலாகுமுன் சோர்ந்து போவார். ஷேவர்ஸ் ஆறடி உயரம், அலியோடு மோதியபோது 211 இறாத்தல் எடை. ஹெவிவெயிட்டில் இது பெரிய உடம்பு அல்ல. ஆனால் தோளும் முதுகும் அகலம், கை நீளம். வலக்கையை வீசும்போது உடம்பில் எதையும் மிச்சம் வைக்காமல் 211 இறாத்தலையும் அதன் பின்னால் அனுப்பினார்.

குத்துப்பட்டவர் மயங்குவதற்கான காரணமும் நேரடியானது. தாடையில் பக்கவாட்டாகப் படும் அடி, தலையைச் சட்டென்று சுழற்றிவிடுகிறது. மண்டையோடு திரும்பிவிடும், உள்ளே இருக்கும் மூளை ஒரு கணம் பிந்தித் திரும்பும். அந்த இழுபறியில் மூளையின் வேலை குழம்பி, கால்களுக்குப் போக வேண்டிய கட்டளை அறுந்துபோகிறது. ஒருவர் எவ்வளவு தைரியசாலி என்பது அங்கே கணக்கில் வராது.

மிச்சம் வைக்காமல் வீசுவதற்கு ஒரு விலை உண்டு. குத்துத் தவறினால் வீசியவரின் சொந்த எடையே அவரை இழுத்துக்கொண்டு போகும். நிலை திரும்பி எடுக்க ஒரு கணம் பிடிக்கும், அந்தக் கணத்தில் தாடை திறந்து கிடக்கும். அடுத்தது மூச்சு. இப்படி வெடித்து வேலை செய்கிற தசை சீக்கிரம் களைக்கிற தசை. கரைவலை இழுக்கிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வலை கரைக்கு வர எத்தனை மணித்தியாலம் ஆகுமென்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குத் தெரியும். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் இழுப்புக்கு ஏற்றபடிதான் எல்லோரும் கயிற்றைப் பிடிப்பார்கள். புதிதாக வந்த இளைஞன் ஒருவன் முதல் பத்து நிமிடத்தில் முழுப் பலத்தையும் கொட்டி இழுப்பான், பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாகக்கூட இருக்கும். மீன் மடி கரையைத் தொடும்போது அவன் மணலில் குந்தியிருப்பான். ஷேவர்ஸின் காலத்தில் உலகப் பட்டப் போட்டி 15 சுற்று. சுற்றுக்கு 3 நிமிடம் வீதம் 45 நிமிடம்.

இந்த இரண்டு விலைகளையும் அவர் தொடக்கத்திலேயே கொடுத்தார். முதலாவது ஆண்டிலேயே புள்ளிகளில் ஒரு தோல்வி. 1970 இல் ரொன் ஸ்டான்டர் என்ற முரட்டு வீரர் ஐந்தாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். அதன் பிறகு மூன்றரை ஆண்டுகள் தோல்வியே இல்லை. எதிராளிகளில் பெரும்பாலானோர் பெயர் தெரியாதவர்கள்தான் என்றாலும், ஒருவர் பின் ஒருவராக முதல் சில சுற்றுகளுக்குள் விழுந்துகொண்டேயிருந்தார்கள். பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய போட்டி ஏற்பாட்டாளராக ஆன டொன் கிங், ஆரம்பத்தில் கையிலெடுத்த வீரர்களில் ஷேவர்ஸும் ஒருவர். இந்தக் கட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் போட்டிகள் ஒரு வீரருக்கு எதையும் கற்றுக் கொடுப்பதில்லை. எட்டாம் சுற்றில் என்ன செய்வதென்று எட்டாம் சுற்றுக்குப் போனால்தான் தெரியும். அவருடைய பலமே அவருடைய படிப்பைத் தடுத்தது.

1973 ஒரே ஆண்டில் இரண்டு பக்கத்தையும் காட்டியது. ஜூன் மாதம் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயார் கார்டனில், முன்னாள் உலகச் சம்பியன் ஜிம்மி எல்லிஸை முதல் சுற்றிலேயே முடித்தார். டிசம்பர் மாதம் அதே மண்டபத்தில் ஜெரி குவாரி, ஷேவர்ஸை முதல் சுற்றிலேயே முடித்தார். குவாரி அனுபவசாலி. ஷேவர்ஸை அருகில் வர விட்டு, அவர் கையை ஓங்குமுன் தானே முந்திக்கொண்டார்.

என்னைக் கேட்டால், ஷேவர்ஸின் எல்லையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் ஜிம்மி யங். 1973 பெப்ரவரியில் யங்கை மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். 1974 நவம்பரில் அதே யங்கோடு மறுபடியும் மோதியபோது பத்துச் சுற்றும் போய்ச் சமநிலையில் முடிந்தது. இடைப்பட்ட 21 மாதத்தில் யங் மாறியிருந்தார். ஷேவர்ஸின் அடிக்குத் தலையைக் கொடுக்காமல் சாய்வது, பிடித்துக்கொள்வது, களைக்க வைப்பது என்று ஒரு முழு முறையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். 1977 இல் அதே யங் முன்னாள் உலகச் சம்பியன் ஜோர்ஜ் ஃபோர்மனையே தோற்கடித்தார். ஷேவர்ஸ் அந்த 21 மாதத்தில் பெரிதாக மாறவில்லை. ஆங்கிலத்தில் எழுதும் விமர்சகர்கள் இத்தகைய வீரர்களை "வரையறுக்கப்பட்டவர்" என்கிற பொருளில் ஒரு சொல்லால் குறிப்பார்கள். எங்கள் ஊர் ரசிகர்கள் "அடி மட்டும்தான் தெரியும்" என்பார்கள். இரண்டுமே கொஞ்சம் அவசரமான தீர்ப்பு. ஒரு வழி அடைபட்டால் வேறு வழி எடுக்கத் தெரியாதவர் என்பதுதான் சரியான விளக்கம் என்று நினைக்கிறேன்.

1975 இல் டென்வர் நகரில் ரொன் லைலோடு மோதியது மறக்க முடியாத சண்டை. இரண்டாம் சுற்றில் லைலைத் தரையில் போட்டார். லைல் எழுந்தார், ஆறாம் சுற்றில் ஷேவர்ஸை முடித்தார். அடுத்த ஆண்டு ரோய் வில்லியம்ஸை பத்தாவது சுற்றில் வீழ்த்தினார். அது நல்ல அறிகுறி. பத்தாம் சுற்றுவரை கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று காட்டியது அந்த வெற்றிதான். அலியோடு மோதும் வாய்ப்பு அதற்கடுத்த ஆண்டே வந்தது.

1977 செப்டம்பர் 29, மறுபடியும் மடிசன் ஸ்குயார் கார்டன். அப்போதைய உலகச் சம்பியன் அலிக்கு 35 வயது, ஷேவர்ஸுக்கு 33. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 7 கோடிப் பேர் அளவில் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டி ஒன்றில் முதன்முதலாக ஒரு பெண், ஈவா ஷெய்ன், நடுவராக இருந்து புள்ளி போட்டதும் இந்தப் போட்டியில்தான்.

மட்டக்களப்பில் அன்று அதைப் பார்த்தவர் யாருமில்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979 இல். தமிழருக்கு எதிரான ஓகஸ்ட் மாதக் கலவரத்தின் சூடும் ஆறவில்லை, மக்கள் இடம்பெயர்ந்து வந்துகொண்டிருந்த காலம் அது. அப்படியிருந்தும் அலியின் சண்டை என்றால் வானொலியைச் சுற்றி ஆள் கூடும் என்று என் மாமா சொல்வார். காத்தான்குடியிலிருந்து கடைக்குச் சாமான் கொண்டுவரும் முஸ்லிம் காக்கா (அண்ணன்) ஒருவர், அலி வென்ற செய்தியை மாமாவிடம் சொல்லும்போது தானே வென்றது போலச் சிரித்தாராம். பத்திரிகையில் வந்த அலியின் படங்களை மாமா வெட்டி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு பெட்டியும் போய்விட்டது. "அலியை ஆட்டினவன் ஒரு மொட்டையன், அவன்ட படமும் இருந்தது" என்று அவர் கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஷேவர்ஸின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. அந்தத் தலை ஞாபகமிருந்தது. அலியும் அந்தத் தலையைப் பார்த்துத்தான் அவருக்கு ஒரு கொட்டையின் பெயரைப் பட்டமாக வைத்திருந்தார்.

மாமா சொன்ன "ஆட்டினவன்" என்கிற சொல் பொருத்தமானது. இரண்டாம் சுற்றில் ஷேவர்ஸின் வலக்கைக் குத்து அலியின் தாடையில் நேராகப் பட்டது. அலியின் கால் தள்ளாடியது. அலி உடனே அந்தத் தள்ளாட்டத்தை நாடகமாக மாற்றினார். கண்ணை விரித்து, வாயைக் கோணி, வேண்டுமென்றே ஆடுவது போல மிகைப்படுத்தினார். ஷேவர்ஸுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது பொறியாக இருக்கலாம், பாய்ந்து எல்லாவற்றையும் கொட்டினால் பிறகு 13 சுற்றுக்கு மூச்சிருக்காது என்று தயங்கினார். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தயக்கத்தில்தான் அவருடைய முழுக் கதையும் இருக்கிறது என்பேன். மூச்சு நிறைய உள்ள ஒருவர் பொறியா இல்லையா என்று பார்த்திருக்க மாட்டார், இருபது குத்துப் போட்டுப் பார்த்திருப்பார். தன் மூச்சின் அளவு தெரிந்த ஷேவர்ஸ் சிக்கனம் பார்த்தார். அன்றைக்கு அவர் சிக்கனம் பார்த்தது தவறென்றும் சொல்ல முடியாது. 13ஆம், 14ஆம் சுற்றுகளில் அலியை மீண்டும் உலுக்கினார் என்றால், அந்தச் சேமிப்பால்தான். 15ஆம் சுற்றில் அலி எங்கிருந்தோ பலத்தைத் திரட்டி வந்து ஷேவர்ஸைத் தள்ளாட வைத்தார். மணி அடித்தபோது ஷேவர்ஸ்தான் விழும் நிலையில் இருந்தார்.

மூன்று நடுவர்களின் புள்ளி அட்டைகளிலும் அலிக்கே வெற்றி. சுற்றுக் கணக்கில் 9க்கு 6, 9க்கு 6, மூன்றாவதில் 9க்கு 5, ஒரு சுற்று சமம். அந்த இரவில் தொலைக்காட்சி ஒவ்வொரு சுற்று முடியவும் புள்ளிகளைத் திரையில் காட்டியது. அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி, உடைமாற்றும் அறையில் ஒருவரைத் தொலைக்காட்சிக்கு முன் இருத்தி, புள்ளி விபரத்தைக் கைச்சாடையால் அறிந்துகொண்டிருந்தார். தாங்கள் முன்னால் நிற்கிறோம் என்று அலியின் மூலைக்கு, அதாவது அவருடைய குழுவுக்கு, தெரியும். ஷேவர்ஸின் மூலைக்குத் தெரியாது. இது முடிவை மாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எத்தனை மூச்சு மிச்சம் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்கு, அந்தத் தகவல் எவ்வளவு பெறுமதியானது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஷேவர்ஸ் அடித்த அடி ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் சொந்தக்காரர்களையும் உலுக்கியிருக்கும் என்று அலி சொன்னது உலகம் முழுக்கத் தெரிந்த பேச்சு. தெரியாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. மடிசன் ஸ்குயார் கார்டனில் போட்டிகளை ஒழுங்கு செய்த டெடி பிரென்னர், இனி இந்த மண்டபத்தில் அலிக்குச் சண்டை தர மாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். அலியின் வைத்தியர் ஃபெர்டி பச்சேகோ, போட்டிக்குப் பின் வந்த பரிசோதனை அறிக்கையில் சிறுநீரகங்கள் பழுதுபட்டிருப்பதைக் கண்டு, குத்துச்சண்டையை விட்டு விலகும்படி அலியை வேண்டினார். பதில் வராததால் தானே அலியின் குழுவை விட்டு விலகினார். ஐந்து மாதம் கழித்து, எட்டாவது தொழில்முறைப் போட்டியையே ஆடிய லியோன் ஸ்பிங்க்ஸ் என்ற இளைஞரிடம் அலி பட்டத்தை இழந்தார். 1978 செப்டம்பரில் நியூ ஓர்லியன்ஸ் நகரில் திரும்ப வென்றார்.   அலியின் பிற்காலப் பார்க்கின்சன் நோய்க்கு இன்ன போட்டிதான் காரணம் என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. ஆனால் அன்று இரவு அவர் வாங்கிய அடிகளைப் பார்க்கும்போது என்னால் ரசிகனாக மட்டும் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.

ஷேவர்ஸின் கதைக்கு வருவோம். 1978 மார்ச்சில் லாரி ஹோம்ஸோடு 12 சுற்று. ஹோம்ஸின் இடக்கை ஜாப், அந்தக் காலத்தின் மிகச் சிறந்தது என்று பலர் சொல்வார்கள். நேராக, வேகமாக, திரும்பத் திரும்ப வந்து முகத்தில் விழும். அதைத் தாண்டி உள்ளே போகத் தெரியாமல் ஷேவர்ஸ் ஏறக்குறைய எல்லாச் சுற்றையும் இழந்தார். ஹோம்ஸ் அந்த வெற்றியால் கென் நோர்ட்டனோடு மோதும் தகுதி பெற்று, ஜூன் மாதம் உலகச் சம்பியன் ஆனார்.

ஆனால் அதே கென் நோர்ட்டனை ஷேவர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 1979 மார்ச்சில் லாஸ் வேகாஸில் முதல் சுற்றிலேயே முடித்தார். நோர்ட்டன், அலியோடு மூன்று தடவை மோதி ஒரு தடவை தாடையை உடைத்து வென்றவர், ஹோம்ஸோடு 15 சுற்றும் மயிரிழையில் நின்றவர். பின்வாங்கிச் சுழலாமல் முன்னால் வந்து மோதுகிறவர். பெரிய அடிக்காரர்களிடம் அவருக்கு எப்போதும் கஷ்டம்தான், ஃபோர்மனும் இரண்டாம் சுற்றிலேயே அவரை முடித்திருந்தார். ஹோம்ஸிடம் நோர்ட்டன் மயிரிழையில் தோற்றார், ஷேவர்ஸிடம் ஒரு சுற்றுக்கூட நிற்கவில்லை, ஷேவர்ஸோ 1978 இல் ஹோம்ஸை ஒரு விரல்கூட அசைக்கவில்லை. இரண்டு சேரிகள் வளைந்த கொம்புகளைக் கொழுவி இழுக்கும் கொம்புமுறி விளையாட்டில் கொம்பைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்கள் தடிப்பை மட்டும் பார்த்து எடுக்க மாட்டார்கள். எதிர்ச்சேரிக் கொம்பின் வளைவோடு எந்த வளைவு எப்படிக் கொழுவும் என்று பார்ப்பார்கள். குத்துச்சண்டையிலும் யார் பெரியவர் என்பதைவிட யார் யாரோடு எப்படிக் கொழுவுகிறார் என்பதில்தான் பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

தம்பி காட்டிய காட்சி 1979 செப்டம்பர் 28 இல் நடந்தது. லாஸ் வேகாஸ், ஹோம்ஸோடு மறுபோட்டி, இந்தத் தடவை உலகப் பட்டத்துக்காக. ஆறு சுற்று ஹோம்ஸ் தன் ஜாப்பால் ஷேவர்ஸை அடக்கி வைத்திருந்தார். ஏழாம் சுற்றின் கடைசிப் பகுதியில் அந்த வலக்கை வந்தது. உலகப் பட்டம் இரண்டு மூன்று வினாடி ஷேவர்ஸின் கையில் இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். ஹோம்ஸ் எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்பது இன்றைக்கும் வியப்புத்தான். எழுந்த பிறகு ஷேவர்ஸ் பாய்ந்தார், வீசினார், பல குத்துகள் காற்றில் போயின. ஹோம்ஸ் பிடித்துக்கொண்டு, நகர்ந்து, மணிவரை தப்பினார்.

காட்சித் துணுக்குகள் இந்த இடத்தில் நின்றுவிடும். எட்டாம் சுற்று தொடங்கும்போது ஷேவர்ஸின் தோள் மேலும் கீழும் போவதை யாரும் பகிர்வதில்லை. ஹோம்ஸை முடிக்க எடுத்த அந்த ஒரு நிமிட முயற்சியில், அலியோடு மோதிய இரவில் சேமித்து வைத்ததையெல்லாம் இந்த இரவில் செலவழித்துவிட்டார். கண்ணுக்கு மேல் வெட்டுக்காயம், முகம் முழுக்க இரத்தம். 11ஆம் சுற்றில் மத்தியஸ்தர் போட்டியை நிறுத்தினார். ஹோம்ஸ் பிற்காலத்தில் மைக் டைசனிடமும் அடி வாங்கியவர். ஆனாலும் தன்னை மிகப் பலமாக அடித்தவர் ஷேவர்ஸ்தான் என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

அலியிடம் சேமித்தார், தோற்றார். ஹோம்ஸிடம் செலவழித்தார், தோற்றார். இதைக் கொண்டு அவருக்குப் புத்தியில்லை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு இரவுகளிலும் கையில் இருந்த காசு ஒன்றுதான். எப்படிச் செலவழித்தாலும் அந்தச் சாமானின் விலைக்குக் கொஞ்சம் குறைந்தது.

அதற்குப் பிறகு இறக்கம். 1980 இல் இரண்டு போட்டிகளில் நிறுத்தப்பட்டார். கண்ணின் விழித்திரையில் பழுது ஏற்பட்டு எண்பதுகளில் விலகினார். 1995 இல் திரும்ப ரிங்குக்குள் வந்தார், 51 வயதில் தன் கடைசிப் போட்டியில் இரண்டாம் சுற்றில் தோற்றார். பின்னர் கிறிஸ்தவப் போதகராக வாழ்ந்தார். கொஞ்சக் காலம் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் இருந்தார். பழகியவர்கள் எல்லோரும் மென்மையான மனிதர் என்றே சொன்னார்கள். 2022 செப்டம்பர் 1 இல், 78 வயது நிறைந்த மறுநாள், இறந்துபோனார்.

இந்த வகை வீரர் ஷேவர்ஸோடு முடிந்துவிடவில்லை. பிற்கால ஹெவிவெயிட் வீரர் டியோன்டே வைல்டரும் அலபாமாக்காரர்தான், அவரும் இருபது வயதில்தான் தொடங்கினார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். 2015 இல் உலகப் பட்டம், தொடர்ந்து பத்துத் தடவை அதைக் காப்பாற்றினார். 2020 பெப்ரவரியில் பிரித்தானிய வீரர் டைசன் ஃபியூரி அவரை ஏழாம் சுற்றில் நிறுத்தும் வரை 43 போட்டிகளில் 41 நொக்கவுட்டோடு தோல்வியில்லாமல் இருந்தார். 2021 ஒக்டோபரில் மூன்றாம் தடவையாக மோதியபோது, நாலாம் சுற்றில் ஃபியூரியை இரண்டு தடவை தரையில் போட்டார். ஃபியூரி இரண்டு தடவையும் எழுந்து, 11ஆம் சுற்றில் வைல்டரை முடித்தார். ஷேவர்ஸும் ஹோம்ஸும் மோதிய இரவை அப்படியே திரும்பப் பார்த்தது போல இருந்தது. வைல்டர் சம்பியன் ஆனார், ஷேவர்ஸ் ஆகவில்லை. வித்தியாசம் இருவரின் திறமையில் இருப்பதைவிடக் காலத்தில் அதிகம் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஷேவர்ஸின் காலத்தில் பெரிய பட்டம் இரண்டு, அவற்றுக்கு வழியில் நின்றவர்கள் அலி, ஃபோர்மன், ஃபிரேசியர், நோர்ட்டன், ஹோம்ஸ். வைல்டரின் காலத்தில் பட்டம் நான்கு.

எங்கள் நாட்டுக்கு ஹெவிவெயிட் பழக்கமில்லாத பிரிவு. 1938 சிட்னி பேரரசு விளையாட்டில் (இன்றைய பொதுநலவாய விளையாட்டு) இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்த பார்னி ஹென்ரிகஸ் இறகெடைப் பிரிவில் ஆடியவர். எங்கள் பிள்ளைகள் பழகுவதும் மெல்லிய எடைகளில்தான். அங்கே ஒற்றை அடியை நம்பி யாரும் பிழைக்க முடியாது. ஆனாலும் அவர்கள் கைத்தொலைபேசியில் பார்ப்பது ஷேவர்ஸையும் வைல்டரையும்தான். தம்பியும் அப்படித்தான், மணல் மூட்டையில் வலக்கையை மட்டும் ஓங்கி ஓங்கிப் போடுகிறான். பயிற்சியாளர் காலைப் பார் என்று கத்தினாலும் அவன் காதில் ஏறுவதில்லை.

நேற்று அவனுக்கு அலி போட்டியின் 15 சுற்றையும் முழுசாகப் போட்டுக் காட்டினேன். நாலாம் சுற்றுக்கு மேல் பொறுமையில்லாமல் நெளிந்தான். ஒன்பதாம் சுற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தான். 13ஆம் சுற்றில் ஷேவர்ஸ் மறுபடி எழுந்து வந்தபோது, "இவ்வளவு நேரமும் வச்சிருந்திருக்கார் அண்ணா" என்றான். அப்புறம் முற்றத்துக்குப் போய், மாமரத்தில் கட்டிய மூட்டைக்கு முன் நின்று, மூன்று நிமிடத்துக்கு மணி வைக்கச் சொன்னான். இரண்டாவது நிமிடம் முடியுமுன் கை இடுப்புக்கு இறங்கிவிட்டது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "திரும்ப வையுங்க" என்றான்.